ஒரு தாயின் மரணமும் பல இலாகாக்களும்

(பஞ்சாயத்து அங்கத்தினர், ஆசிரியர், சுகாதார ஊழியர் ஆகியோர் கூடும் சபைக்கென எழுதப்பெற்ற சொற்பொழிவு)

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொன்றுதொட்டு வழங்கி வரும் பேச்சு. அது உபசார வார்த்தையன்று. வளைகாப்பு முடிந்து தாய்வீடு சென்ற பெண், குழந்தையும் கையுமாகத் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்ற அச்சம் ஒரு காலத்தில் எந்தக் குடும்பத்தையும் விட்டுவைத்ததில்லை. ஸர் ஜோசப் போர் அவர்களின் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டி 1946ஆம் வருஷத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1,000 பிரசவங்களுக்குச் சுமார் 20 தாய்மார் மாள்வதாகவும், இவ்வாறு வருஷந்தோறும் இறப்போர் சுமார் 2 லட்சம் பேர் என்றும் அக்கமிட்டி மதிப்பிட்டது.

அக்கணக்கை லட்சம் பிரசவங்களுக்கு என்று மாற்றிப் பார்த்தால் இரண்டாயிரம் மரணங்களாகும். இந்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2018–20 காலத்தில் தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் 54 பேர். இவ்வளவு பெரிய மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது? ஒரே ஒரு புது மருந்தினாலன்று; ஒரே ஓர் இலாகாவின் சாமர்த்தியத்தாலுமன்று. பலர் ஓரிடத்தில் உட்கார்ந்து, நேர்ந்த பிழைகளை ஒளிக்காமல் எடுத்துப் பேசி, அவரவர் பங்கை அவரவர் ஏற்றுக்கொண்டதனாலேயே அது நிகழ்ந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒரு ராஜ்யத்தின் சுகாதாரமும் அத்தகைய தேரே.

முன்னோர் இட்ட அஸ்திவாரம்

கூடித் திட்டமிடுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் வைத்திய இலாகா ஒன்று, நோய் வராமல் தடுக்கும் பொதுச் சுகாதார இலாகா மற்றொன்று என்று இரண்டும் வெவ்வேறாக அமைக்கப்பட்டன. பின்னதன் நூற்றாண்டு விழா 2022ஆம் வருஷத்தில் கொண்டாடப்பெற்றது. குளத்து நீரையும், சாக்கடையையும், கொசுவையும், திருவிழாக் கூட்டத்தையும் கவனிப்பதையே தம் முழு வேலையாகக் கொண்ட உத்தியோகஸ்தர்கள் ஜில்லாதோறும் இருந்தமை இம்மாகாணத்துக்குப் பெரும் பலமாயிற்று.

அதன்பின், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியாகவும் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாகவும் இருந்த காலத்தில், 1939ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் இதுவே முதலாவது. பொதுச் சுகாதார போர்டு ஒன்றை வகுத்து, மந்திரிகளையும் இலாகாத் தலைவர்களையும் உத்தியோகஸ்தரல்லாதாரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைக்க இச்சட்டம் வழி செய்தது. தாய் சேய் நலத்தைக் கவனிப்பது ஸ்தலஸ்தாபனங்களின் கடமை என்றும் விதித்தது. சர்க்கார் மான்யம் நீங்கலாகத் தமக்குள்ள வருமானத்தில் நகரசபைகள் நூற்றுக்கு 30க்குக் குறையாமலும், ஏனைய ஸ்தலஸ்தாபனங்கள் நூற்றுக்கு 12½க்குக் குறையாமலும் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று.

சட்டம் இருந்தது, இலாகாவும் இருந்தது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட தாய் ஏன் இறந்தாள் என்று விசாரிக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் ஏற்படவில்லை. காலராவினால் பத்துப்பேர் மாண்டால் ஜில்லா முழுதும் அறியும். ஒரு வீட்டில் ஒரு பெண் பிரசவத்தில் மாண்டால், “விதி” என்று சொல்லி அவ்வீட்டார் அழுது ஓய்வார்கள். கணக்கில் ஏறாத துயரத்துக்கு மருந்து தேடுவார் இல்லை.

ஒரு மரணத்தின் பல காரணங்கள்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதினைந்து மைல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரை மனத்தில் கொள்ளலாம். அங்கே பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி இரண்டாம் பிரசவத்துக்கு நாள் பார்த்திருக்கிறாள். முதற்குழந்தை பிறந்து ஒரு வருஷமும் சில மாதங்களுமே ஆகின்றன. முகம் வெளுத்திருக்கிறது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. நர்ஸம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று யாரோ சொன்னதை மாமியார் நம்பிவிட்டாள்.

ஒரு நாள் இரவில் வலி எடுக்கிறது. கணவன் வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தீர்மானிப்பதற்குள் இரண்டு மணி நேரம் கழிகிறது. வண்டி கிடைக்கிறது, ஆனால் மழையில் அரித்துப்போன பாதையில் அது மெதுவாகவே போகிறது. சுகாதார நிலையத்தில் குழந்தை நலமாகப் பிறந்துவிடுகிறது. நஞ்சும் விழுந்துவிடுகிறது. அதன் பின்னரே ஆபத்து வருகிறது. சுருங்க வேண்டிய கருப்பை சுருங்கவில்லை, இரத்தம் நிற்கவில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து ஊசியாகப் போடப்படுகிறது. அம்மருந்து குளிர்ச்சியான பெட்டியிலேயே இருக்க வேண்டியது. மூன்று நாட்களாக மின்சாரம் சரியாக இல்லாமையால் அது வீரியம் குன்றிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே டாக்டர் இருக்கிறார். அவளுக்கு ஏற்ற இரத்தம் இல்லை. இரத்தம் வந்து சேரும்போது உயிர் போய்விட்டது.

இவ்வகை இரத்தப் போக்கில் ஒரு தாய் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகக் கூடும். உடலில் நல்ல இரத்தம் உள்ளவள் ஓரளவு தாங்குவாள். சோகை பிடித்தவளுக்கு அந்த அவகாசமும் இல்லை.

அவளுடைய மரணத்துக்குக் காரணம் “பிரசவத்துக்குப் பின் இரத்தப் போக்கு” என்று பதிவுப் புத்தகத்தில் எழுதப்படும். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. இளவயதில் மணம் செய்வித்தது குடும்பம். மாத்திரையைக் கொடுத்தவர் அது உட்கொள்ளப்பட்டதா என்று பார்க்கவில்லை. பாதையைப் பழுது பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. மின்சாரம் நின்றபோது மருந்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. இரத்த தானம் செய்யத் தக்க வாலிபர்கள் ஜில்லாவில் பல்லாயிரவர் இருந்தும் அவர்களைத் திரட்டுவார் இல்லை. டாக்டர் ஒருவரை மட்டும் விசாரித்து தண்டித்துவிட்டால், இந்தக் காரணங்களில் ஒன்றும் நீங்காது. அடுத்த மாதம் வேறொரு பெண் அதே பாதையில் வருவாள்.

குற்றம் காண்பதற்கன்று, காரணம் காண்பதற்கு

இவ்வுண்மையை உணர்ந்து, 1990களின் நடுப்பகுதி முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை கையாளப்பட்டு வருகிறது. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, பிரசவமாகி 42 நாட்களுக்குள்ளோ ஒரு தாய் எங்கே இறந்தாலும், அச்செய்தி 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பிறகு சுகாதார அதிகாரி அவளுடைய வீட்டுக்கே சென்று, அவளுடன் இருந்தவர்களிடம் நடந்தவற்றை வரிசைப்படி கேட்டு எழுதுகிறார். எப்போது வலி கண்டது, யார் முடிவு செய்தார், எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பனவெல்லாம் அவ்விசாரணையில் வெளிப்படும்.

அவ்வாறு எழுதியவை ஜில்லா கலெக்டரின் முன்னிலையில் ஆராயப்படுகின்றன. கலெக்டர் டாக்டரல்லர், ஆயினும் பாதைக்கும், தண்ணீருக்கும், ரேஷனுக்கும், பஞ்சாயத்துக்கும் உத்தரவிடத் தக்கவர் அவரே. ஆகையால் இவ்விஷயத்தில் அவர் தலைமை வகிப்பது மிகப் பொருத்தமானது. இந்திய சர்க்கார் 2010ஆம் வருஷத்தில் தேசம் முழுமைக்கும் இத்தகைய ஆராய்ச்சி முறையை வகுத்தபோது, கலெக்டர் முன் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவளின் உறவினரையும் அழைத்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும் என்று விதித்தது. பெரிய உத்தியோகஸ்தர்கள் நிறைந்த அறையில் ஒரு தாயார் நின்று, தன் மகள் கடைசியாகத் தண்ணீர் கேட்ட நேரத்தைச் சொல்லும்போது, புள்ளி விவரங்கள் செய்ய முடியாத காரியத்தை அவ்வார்த்தைகள் செய்துவிடும்.

இம்முறை வெற்றி பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விசாரணை தண்டனைக்காக என்று ஏற்பட்டுவிட்டால், ஊழியர்கள் உண்மையை மறைப்பார்கள். ஆபத்தான நிலையிலுள்ள தாயைத் தம் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்ற முயலாமல், மரணம் தம் கணக்கில் ஏறாதபடி வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டிலும் கணக்கெடுப்பு ஒழுங்கானவுடன் பதிவான மரணங்கள் முதலில் அதிகப்பட்டனவேயன்றிக் குறையவில்லை. மரணம் பெருகிவிட்டது என்பதன்று அதன் பொருள். முன்பு மறைந்திருந்தவை வெளிச்சத்துக்கு வந்தன என்பதே பொருள். அவ்வாறு எண்ணிக்கை கூடியதைக் கண்டு கோபிக்காமல் பொறுத்திருப்பது அதிகாரிகளின் கடமை. எண்ணத் துணிந்த ராஜ்யமே குறைக்கவும் வல்லது.

விசாரணையில் விளைந்த ஏற்பாடுகள்

ஒரே குறை பல மரணங்களில் திரும்பத் திரும்பத் தென்படும்போது, அது தனி மனிதரின் பிழையன்று, ஏற்பாட்டின் பிழை என்பது புலனாகும்.

மருந்து இல்லை என்ற குறையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1994ஆம் வருஷத்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, அதற்கடுத்த வருஷம் முதல் ராஜ்யம் முழுமைக்கும் வேண்டிய மருந்துகளைச் சேர்த்து வாங்கத் தொடங்கிற்று. ஜில்லாதோறும் மருந்துக் கிடங்கு வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாங்கிப் புத்தகம் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, அதில் கண்ட தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அவ்வாஸ்பத்திரியே கேட்டுப் பெறும்படி செய்தது. வாங்கும் சரக்கு பரிசோதனைச் சாலைகளில் தேறிய பின்னரே நோயாளிக்குப் போகிறது. ஓரிடத்தில் மருந்து தேங்கிக் கெடுவதும், மற்றோரிடத்தில் மருந்தில்லாமல் உயிர் போவதும் இதனால் பெரிதும் குறைந்தன. பிற ராஜ்யங்களும் இம்முறையைப் பார்த்துத் தம்மிடத்தில் இத்தகைய கழகங்களை ஏற்படுத்தின.

இரவில் ஆள் இல்லை என்பது இரண்டாவது குறை. பிரசவ வலி பகலென்றும் இரவென்றும் பார்த்து வருவதில்லை. எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை வைத்து நியமித்து, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயுத சிகிச்சையும் இரத்தம் ஏற்றுதலும் எந்நேரமும் செய்யத் தக்க பெரிய ஆஸ்பத்திரிகள் ஜில்லாக்களில் தேர்ந்தெடுக்கப்பட்டு, மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், இரத்த வங்கி ஆகிய மூன்றும் ஒருங்கே இருக்கும்படி செய்யப்பட்டன. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

வண்டி இல்லை என்ற குறைக்கு 2008ஆம் வருஷத்தில் 108 வண்டி வந்தது. பணம் இல்லை என்ற குறைக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 1987ஆம் வருஷத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 300 ரூபாய் உதவித் தொகை ஏற்பட்டு, 2018ஆம் வருஷத்துக்குள் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. கர்ப்ப காலத்தில் கூலி வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கவும், நல்ல ஆகாரம் வாங்கவும் உதவுவதே அதன் நோக்கம்.

இவற்றின் பலனைக் கணக்கு காட்டுகிறது. 2001–03 காலத்தில் லட்சம் பிறப்புகளுக்கு 134 தாய்மார் என்றிருந்தது, 2018–20 காலத்தில் 54 ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் அதே காலங்களில் 301 என்றிருந்தது 97 ஆயிற்று. 2019–21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன. ஆயினும் தற்பெருமைக்கு இடமில்லை. அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் 2018–20 காலத்துக் கணக்கு 19 தான். அங்கே இயன்றது இங்கே இயலாதென்பதற்கு நியாயம் ஒன்றுமில்லை.

எஞ்சி நிற்கும் பகை

அதே கணக்கெடுப்பு வெட்கத்துக்குரிய மற்றொரு செய்தியையும் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48.3 பேர் சோகையுள்ளவர்கள். ஏறக்குறையப் பாதிப்பேர்! அதற்கு முந்திய 2015–16ஆம் வருஷக் கணக்கெடுப்பில் இது 44.4 ஆக இருந்தது. ஆஸ்பத்திரிகள் பெருகின, வண்டிகள் வந்தன, சோகை மட்டும் குறையவில்லை. ஆஸ்பத்திரியின் வாசலுக்குள் தீர்க்கக் கூடிய காரியங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. மீதியுள்ளவை வாசலுக்கு வெளியே, கிராமத்திலும் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கின்றன என்பதே இதன் பொருள்.

சோகைக்குக் காரணம் ஒன்றல்ல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தினால், கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் வீட்டுப் பெண்ணுக்கு எட்டுவதில்லை. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், கொக்கிப் புழு பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளைப்பேறுகள் அடுத்தடுத்து வருவதனால், இழந்த இரத்தம் ஊறுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது தடைப்படுகிறது. இவற்றுள் எதைத் தனியொரு டாக்டர் தீர்க்க முடியும்?

அவரவர் பங்கு

ஆகையினால் ஒவ்வொரு கிராமத்திலும் இக்காரியம் பங்கு பிரித்துச் செய்யப்பட வேண்டும்.

கிராம சுகாதார நர்ஸ் கர்ப்பிணிகளின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறார். ஒவ்வொருவரின் இரத்த அளவும் அவருக்குத் தெரியும். சர்க்கார் விதிப்படி, நான்காம் மாதம் முதல் 180 நாட்களும் பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாத்திரையைக் கொடுப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. குமட்டல் கண்டால் ஆகாரத்துக்குப் பின்னும், எலுமிச்சஞ்சாறு அல்லது நெல்லிக்காயுடனும் உட்கொள்ளலாம் என்பதையும், மலம் கறுத்துப் போவதற்கு அஞ்ச வேண்டாம் என்பதையும், குழந்தை பெருத்துவிடும் என்பது வீண் பயம் என்பதையும் மாமியாருக்கும் சேர்த்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

பஞ்சாயத்தார் கழிப்பிடங்கள் பெயரளவில் கட்டப்பட்டவையா, உபயோகத்தில் உள்ளவையா என்று நேரில் பார்க்க வேண்டும். மழைக் காலத்துக்கு முன்னரே ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட வேண்டும். எந்த வீட்டில் எந்த மாதம் பிரசவம் என்று தெரிந்திருக்கையில், பாதை எப்போது வேண்டும் என்பதும் தெரிந்ததே.

ஆசிரியர்களின் பங்கு சிறிதன்று. பள்ளியிலிருந்து நின்றுவிடும் பெண் குழந்தையை முதலில் அறிபவர் ஆசிரியர். அவள் பதினெட்டு வயதுக்கு முன் மணமேடை ஏறாமல் தடுப்பது, ஒரு சுகாதார நிலையம் கட்டுவதற்குச் சமானமான புண்ணியம். வளரும் பெண்களுக்குப் பள்ளியில் வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு உள்ளது. அது மாணவியின் வாய்க்குப் போகிறதா, ஜன்னலுக்கு வெளியே போகிறதா என்று பார்ப்பதும் ஆசிரியரே.

வாலிபர் சங்கத்தார் தங்கள் இரத்த வகையைப் பரிசோதித்துப் பட்டியல் எழுதி, அருகிலுள்ள இரத்த வங்கியில் கொடுத்து வைக்க வேண்டும். ஆபத்து வந்தபின் ஆள் தேடுவது, வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவதாகும்.

கணவர்களின் பங்கோ மிகச் சுலபமானது; பணச் செலவும் இல்லை. கர்ப்பிணியான மனைவி தமக்கு முன்னரோ தம்முடன் கூடவோ உண்ண வேண்டும் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மாதம் ஒரு முறை இவர்களெல்லோரும் ஓரிடத்தில் கூடி, அரை மணி நேரம் பேச வேண்டும். கேள்விகள் இரண்டே போதும். இம்மாதம் பிரசவத்துக்குரியவர் யார் யார்? அவர்களில் எவருக்கு எது குறைவாக இருக்கிறது? ராஜ்யத்தின் தலைநகரில் தீட்டப்படும் பெரிய திட்டங்களும் கடைசியில் இவ்விரண்டு கேள்விகளுக்கு விடை தேடுபவையே. விடை தெரிந்தவர்கள் தலைநகரில் இல்லை. இந்தச் சபையில் இருக்கிறார்கள்.

சபையோர்களே! மேலே சொன்ன பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதையை ஒரு முறை திருப்பி எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரையை அவள் உட்கொண்டிருந்தால், பாதை செப்பமாக இருந்திருந்தால், மருந்து குளிர்ச்சியில் காக்கப்பட்டிருந்தால், ஒரு வாலிபன் முந்திய வாரமே இரத்தம் கொடுத்திருந்தால், இவற்றுள் இரண்டு மூன்றேனும் நடந்திருந்தால் அவள் பிழைத்திருக்கக் கூடும். எல்லோரும் எல்லாவற்றையும் குறைவறச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கைத் தவறாமல் செய்தால், ஒருவர் தவறிய இடத்தில் மற்றொருவரின் கை தாங்கிக்கொள்ளும். அவ்வாறு பல கைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஊரில், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன பெண் குழந்தையும் கையுமாகத் திரும்பி வருவாள்.